கிணத்துத் தண்ணி மார்கழியில ஏன் சுடுது? – பூமிச் சூட்டின் கதை

மார்கழி விடியக்காலையில கிணத்துத் தண்ணியில குளிச்சவங்களுக்கு ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கும். வெளியில பனி கொட்டிக்கிட்டிருக்கும், வாளியில வர்ற தண்ணி மட்டும் வெதுவெதுன்னு இருக்கும். சில நாள் லேசா ஆவி பறக்கிறதுகூட தெரியும். அதே கிணறு சித்திரை வெயில்ல ஜில்லுன்னு இருக்கும். கேட்டா, "பூமாதேவி பார்த்துப் பார்த்துத் தர்றா"ன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க. பாட்டி சொன்னது பாதி சரி. மீதியைத்தான் இங்கே எழுதப் போறேன்.

இதை எழுதத் தூண்டினது ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். சுவிட்சர்லாந்துல முப்பது வருஷத்துக்கு மேல இருக்கிறவர். ரமணாசிரமத்துக்குப் பின்பக்கத் தெருவுல ஒரு சின்ன வீடு கட்டி, வருஷத்துல நாலு மாசம் இங்கே தங்கலாம்னு திட்டம். டீக்கடையில பழக்கம். ஒருநாள் கேட்டார்: "தம்பி, எங்கட வீட்டுக்குக் கீழ நிலத்துக்க குழாய் இறக்கி இருக்கினம். குளிர்காலம் முழுக்க வீடும் சூடு, குளிக்கிற தண்ணியும் சூடு. எண்ணெய் இல்லை, காஸ் இல்லை. இஞ்ச ஏன் ஒருத்தரும் செய்யேல்லை? நான் செய்யட்டோ?"

லட்சக்கணக்குல செலவாகிற விஷயம். அதுவும் கிரிவலப் பாதை ஓரமா இன்னும் ஒரு போர் போடுற விஷயம். "போடுங்க"ன்னோ "வேணாம்"னோ சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட முடியாது. அதனால கொஞ்சம் பழைய சரித்திரத்தையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். பார்த்தா, இந்தக் கதை நம்ம ஊரையும் நம்ம ஆளுங்களையும் சுத்திச் சுத்தி வருது!

பாதாள லிங்கமும் மாமரக் குகையும்

முதல்ல நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிப்போம். 1896 செப்டம்பர் 1-ம் தேதி வெங்கடராமன்ங்கற பதினாறு வயசுப் பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் பகவான் ரமண மகரிஷி. பெரிய கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கீழே இருக்கிற பாதாள லிங்கக் குழிக்குள்ள அவர் உட்கார்ந்திருந்த கதை எல்லாருக்கும் தெரியும். பூச்சி புழு கடிச்சு ரணமாகியும் அசையாம இருந்தாராம். அந்த இடத்தைப் பிற்பாடு சீர்ப்படுத்தி, 1949-ல் அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த ராஜாஜி திறந்து வெச்சார்.

அதுக்கப்புறம் 1899-லேர்ந்து 1916 வரைக்கும் விரூபாக்ஷ குகை. பிறகு 1922 வரைக்கும் ஸ்கந்தாசிரமம். 1922 மே மாசம் தாயார் அழகம்மாள் மறைவுக்குப் பின், அந்த வருஷக் கடைசியில மலையடிவாரத்துக்கு இறங்கி வந்தார். இன்றைய ஆசிரமம் அப்படி ஆரம்பிச்சதுதான்.

இதுல நம்ம விஷயத்துக்கு வேண்டிய தகவல் ஒண்ணு இருக்கு. விரூபாக்ஷ குகையில இருந்த காலத்துலயும் கோடை வந்தா பகவானும் கூட இருந்தவங்களும் மாமரக் குகைக்குப் போயிடுவாங்க. விரூபாக்ஷ குகைப் பக்கம் கோடையில சூடு, தண்ணியும் கிடைக்காது. மாமரக் குகைக்குப் பக்கத்துல முலைப்பால் தீர்த்தம் இருக்கு, மரநிழல் இருக்கு.

"குகைன்னா ஜில்லுன்னுதானே இருக்கும்?"னு கேட்பீங்க. அங்கேதான் விஷயமே. பாறைக்குள்ள இருந்தா மட்டும் போதாது, எவ்வளவு ஆழத்துல இருக்கோம்ங்கறதுதான் கணக்கு. வெயில் படற பாறையில சில அடிதான் உள்ளே இருக்கோம்னா, பகல் பூரா வாங்கின சூட்டை அந்தப் பாறை ராத்திரி நம்ம மேல திருப்பிக் கொடுக்கும். பகல்-ராத்திரி வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ள மறைஞ்சிடும். ஆனா கோடை-குளிர்கால வித்தியாசம் மறையறதுக்குப் பத்துப் பதினஞ்சு மீட்டராவது இறங்கணும். அதுக்குக் கீழே பூமிக்கு பங்குனியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பம் எதுவோ, கிட்டத்தட்ட அதுலயே நிக்கும்.

நம்ம கிணறு இந்த ரகம்தான். திருவண்ணாமலையில வருஷ சராசரி சுமார் 28 டிகிரி. கிணத்துத் தண்ணி வருஷம் பூரா அதை ஒட்டியே இருக்கும். மார்கழி விடியல்ல காத்து 19, 20 டிகிரிக்கு இறங்கும்போது அதே தண்ணி நமக்குச் சூடு. சித்திரையில காத்து 40-ஐத் தொடும்போது அதே தண்ணி நமக்குக் குளிர்ச்சி. தண்ணி மாறவே இல்லீங்க, நாமதான் மாறிட்டோம் :-)

திருவனந்தபுரத்துல புதைச்ச தெர்மாமீட்டர்

இதை முதல்ல கவனிச்சுப் பதிவு பண்ணினவங்கள்ல பாரிஸ் வானாய்வகத்துக்காரங்க முக்கியமானவங்க. அவங்க கட்டிடத்துக்குக் கீழே சுமார் 28 மீட்டர் ஆழத்துல பழைய கல்குவாரிச் சுரங்கம் உண்டு. அங்கே வருஷம் பூரா கிட்டத்தட்ட 12 டிகிரி. 1783-ல் வேதியியல் மேதை லவாய்சியே செஞ்ச நுட்பமான தெர்மாமீட்டரை அங்கே வெச்சாங்க. அந்த இடத்தோட வெப்பம் அவ்வளவு நிலையா இருந்ததால, மத்த தெர்மாமீட்டர்களைச் சரிபார்க்கவே அதைப் பயன்படுத்தலாம்ங்கற அளவுக்கு மதிப்பு.

அடுத்து 1837-ல் ஸ்காட்லாந்துல எடின்பரோ நகரத்துல ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ்ங்கற பேராசிரியர், நீளமான தெர்மாமீட்டர்களைப் பாறையிலும் மண்ணிலும் வெவ்வேறு ஆழத்துல புதைச்சு வருஷக்கணக்கா அளந்தார். ஏழெட்டு மீட்டர் ஆழத்துல கோடைச் சூடு போய்ச் சேரும்போது மேலே குளிர்காலமே வந்துடுதாம். பாருங்க, பூமி நமக்கு ஆறு மாசம் தாமதமா கணக்குத் தீர்க்குது!

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் 1837-ல் திருவனந்தபுரத்துல ஒரு வானாய்வகம் ஆரம்பிச்சார். சங்கீதத்துக்காகத்தான் அவரை நமக்குத் தெரியும், விஞ்ஞானத்துக்கும் அவர் பணம் கொடுத்திருக்கார். அங்கே வானியலாளரா இருந்தவர் ஜான் கால்டிகாட். இவர் எடின்பரோ பாணியிலேயே திருவனந்தபுரத்து மண்ணுக்குள்ள தெர்மாமீட்டர்களைப் புதைச்சு, 1842 மே மாசத்துலேர்ந்து 1845 டிசம்பர் வரைக்கும் அளந்தார். அந்தக் கணக்கு எடின்பரோ ராயல் சொசைட்டியோட வெளியீட்டுல வந்திருக்கு.

அதுல ரெண்டு முடிவு ரொம்ப முக்கியம். அப்போ பூசிங்கோங்கற பிரெஞ்சு விஞ்ஞானி, வெப்ப நாடுகள்ல ஒரு அடி தோண்டினாலே வெப்பநிலை அசையாம நின்னுடும்னு சொல்லியிருந்தார். கால்டிகாட் அளந்தப்போ அப்படி இல்லை, சில அடி ஆழத்துலயும் வருஷத்துக்குள்ள ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருந்தது. ரெண்டாவது, மண்ணோட சராசரி, காத்தோட சராசரியைவிடக் கொஞ்சம் அதிகமாவே இருந்தது. வெயில் நேரா மண்ணைக் காய்ச்சற ஊர்ல அப்படித்தானே இருக்கும். கிட்டத்தட்ட 180 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம தெக்கத்தி மண்ணோட சூட்டை ஒருத்தர் மூணு வருஷத்துக்கு மேல உட்கார்ந்து அளந்திருக்கார்ங்கறது எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்தது.

அக்னி மலையும் கோலார் சுரங்கமும்

இந்த இடத்துல ஒரு கேள்வி கண்டிப்பா வரும். "அண்ணாமலை அக்னி ஸ்தலம் ஆச்சே, உள்ளுக்குள்ள நெருப்பு இருக்குமே, தோண்டினா சூடு கிடைக்காதா?" டீக்கடையிலயும் இதைத்தான் முதல்ல கேட்டாங்க.

பக்தி வேற, பாறைக் கணக்கு வேற. இமாசலப் பிரதேசத்து மணிகரண்ல வெந்நீர் ஊற்று பொங்குது, அதுல அரிசியையே வேக வைக்கிறாங்க. அது பூமி இன்னமும் முட்டி மோதிக்கிட்டிருக்கிற இமயமலைப் பகுதி. நம்மது அப்படி இல்லை. தென்னிந்தியாவோட பாறை மிகப் பழசு, எப்பவோ ஆறி அடங்கினது.

இதுக்குச் சாட்சி சொல்லக்கூடியவங்க நம்ம பக்கத்து ஆளுங்களேதான். கோலார் தங்கவயல்! 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வெச்சதுக்கு அப்புறம் குடும்பம் குடும்பமா அங்கே போனவங்கள்ல வட ஆற்காடு ஜில்லாக்காரங்க ஏராளம். திருவண்ணாமலை அப்போ தென் ஆற்காடுல இருந்தது, பிற்பாடுதான் வட ஆற்காட்டோட சேர்ந்தது. தனி மாவட்டம் ஆனது 1989-லதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழே போச்சு. உலகத்துலயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல ஒண்ணு. அந்த ஆழத்துல பாறையோட சூடு 65 டிகிரியைத் தொட்டது. கை வெச்சா பொசுங்கிப் போகிற சூடு. அந்தப் பாறைக்கு நடுவுல நின்னுதான் நம்ம ஜனங்க துளை போட்டாங்க, வெடி வெச்சாங்க. 2001 பிப்ரவரியில சுரங்கத்தை மூடினாங்க. கூலிக்குப் போன அந்தத் தாத்தாக்களுக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பூமிச் சூடு எந்த விஞ்ஞானிக்கும் உடம்பால தெரிஞ்சிருக்காது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மேலே 27, மூணு கிலோமீட்டருக்குச் சற்றே கீழே 65. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு சுமார் 12 டிகிரிதான் கூடுது. உலகத்துல பொதுவா சொல்ற 25, 30 டிகிரியில பாதிகூட இல்லை. அப்போ நம்ம ஊர்ல நூறு மீட்டர் போர் போட்டா எவ்வளவு கூடும்? ஒரு டிகிரி, ஒண்ணேகால் டிகிரி. அவ்வளவுதான்.

ஆகவே சுவிட்சர்லாந்துக்காரங்க வீட்டுக்குக் கீழேர்ந்து எடுக்கிற சூட்டுல பெரும்பங்கு பூமியோட வயித்துக்குள்ள இருக்கிற நெருப்பு இல்லை. கோடையில சூரியன் மண்ணுக்குள்ள போட்டு வெச்ச சேமிப்புதான் அது. பாட்டி சொன்னதுல நான் பாதி சரின்னு சொன்னேனே, மீதிப் பாதி இதுதான். பூமாதேவி தர்றது உண்மை, அவ கிட்ட கொடுத்து வெச்சது சூரியன்.

குளிர வைக்க யோசிச்சு, சூடேத்தக் கத்துக்கிட்ட கதை

சரி, பத்து டிகிரி மண்ணுலேர்ந்து நாப்பது டிகிரி வெந்நீர் எப்படி வரும்? ஃப்ரிட்ஜ் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. உள்ளே இருக்கிற காய்கறியோட சூட்டை உறிஞ்சி பின்னாடி தள்ளுது. காய்கறிக்குப் பதிலா தோட்டத்து மண்ணை வெச்சுக்கோங்க, பின்பக்கத்துல குளிக்கிற தண்ணியை வெச்சுக்கோங்க. அதான் ஹீட் பம்ப். கரண்ட்டை எரிச்சுச் சூடு பண்றது இல்லை, கரண்ட்டைக் கூலியாக் கொடுத்து இருக்கிற சூட்டை இடம் மாத்தறது. ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தா மூணு, நாலு யூனிட் சூடு வந்து சேரும். மாயம் இல்லை. மீதி ரெண்டு மூணு யூனிட் மண்ணு கொடுத்தது.

இந்த யோசனை பொறந்த விதம் வேடிக்கை. 1850 வாக்குல ஸ்காட்லாந்து அரச வானியலாளர் பியாஸி ஸ்மித், வெப்ப நாடுகள்ல வீட்டு அறைகளைக் குளிர வைக்க ஒரு வழி சொன்னார். காத்தை அமுக்கி, ஆற விட்டு, திரும்ப விரியவிட்டா ஜில்லுன்னு ஆகும்ங்கறதுதான் அவர் யோசனை. வெள்ளைக்காரங்களுக்கு இந்தியா மாதிரி இடத்து வெயில் தாங்கலை பாவம் :-) அந்தச் சமயத்துல இதே மாதிரி விஷயங்களை யோசிச்சுக்கிட்டிருந்த வில்லியம் தாம்சன் – பின்னாளில் கெல்வின் பிரபு – 1852-ல் ஒரு கட்டுரை எழுதினார். குளிர வைக்கிற அதே யந்திரத்தால வீட்டைச் சூடும் பண்ணலாம், அதுவும் அந்த எரிபொருளை நேரா அடுப்புல எரிக்கிறதைவிடக் குறைச்சலான செலவுலன்னு கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனா நிலக்கரி மலிவா கிடைச்ச காலத்துல யார் இதைக் கண்டுக்குவாங்க? 1912-ல் சுவிட்சர்லாந்துல ஹைன்ரிக் ஸோலிங்கற என்ஜினியர், மண்ணுலேர்ந்தே சூடு எடுக்கிற யோசனைக்கு காப்புரிமை வாங்கினார். அதுவும் அலமாரியில தூங்கிச்சு. 1920-களின் கடைசியில ஹால்டேன்ங்கறவர் ஸ்காட்லாந்துல தன் சொந்த வீட்டுலயே ஹீட் பம்ப் வெச்சு, வீட்டையும் குளிக்கிற தண்ணியையும் சூடு பண்ணிக் காட்டினார். 1938-ல் ஸூரிக் நகர ராத்ஹவுஸ், அதாவது மன்றக் கட்டிடத்தை, பக்கத்துல ஓடற லிம்மாத் ஆத்துத் தண்ணியோட சூட்டை எடுத்தே கதகதப்பாக்கினாங்க. அந்த ஏற்பாடு அறுபது வருஷத்துக்கு மேல ஓடிச்சு. அடுத்த வருஷமே உலகப்போர் வந்து சுவிஸ்காரங்களுக்கு நிலக்கரி வரத்து சுருங்கினப்போ இந்தத் தொழில்நுட்பத்துக்கு மவுசு கூடிச்சு.

அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ்ல ராபர்ட் வெப்பர்னு ஒருத்தர். 1940-களின் நடுவில, வீட்டு ஃப்ரீஸரைச் சோதிச்சுக்கிட்டிருந்தப்போ வெளியே போற குழாயைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கிட்டாராம். இவ்வளவு சூடு வீணாப் போகுதேன்னு அதைத் தண்ணி காய்ச்சத் திருப்பினார். அப்புறம் தோட்டத்துல செப்புக் குழாயைப் புதைச்சு மண்ணுலேர்ந்தே சூடு எடுத்து வீட்டைக் காய்ச்சினார்னு சொல்லுவாங்க.

ஊரெல்லாம் பரவ வெச்சது 1973 எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலியத்தை நம்பியிருந்த சுவீடன், சுவிட்சர்லாந்து எல்லாம் முழிச்சுக்கிச்சு. இன்னிக்கு சுவீடன்ல மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல இந்த மாதிரி ஏற்பாடு இருக்கு. அங்கேயும் நம்ம ஊர் மாதிரி கடினப்பாறைதான். பாறை சூட்டை நல்லாக் கடத்தும். 1983-க்கு அப்புறம் அங்கெல்லாம் அகதியாப் போய் இறங்கின நம்ம ஜனங்க, இப்போ அந்தக் குழாய் இறக்கின வீடுகள்ல குடியிருக்காங்க.

நம்ம ஊர் வெந்நீர் எங்கிருந்து வந்தது?

இப்போ திருவண்ணாமலைக்குத் திரும்புவோம். இங்கே வீட்டைச் சூடு பண்ண வேண்டிய அவசியமே இல்லை, குளிர வைக்கத்தான் நாய்படாத பாடு. ஆக, வெந்நீர் மட்டும்தான் பேச்சு.

பழைய வீடுகள்ல கொல்லைப்புறத்துல வெந்நீர் அடுப்பு இருக்கும். மேலே பெரிய தவலை. சுள்ளி, மட்டை, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் அதுக்குள்ள போகும். கொஞ்சம் வசதியான வீட்டுல கரி போடற செப்பு பாய்லர். ஊருக்கு வேண்டிய விறகுல ஒரு பங்கு எங்கேர்ந்து வந்தது? மலையிலேர்ந்துதான். தலைச்சுமையா இறங்கிக்கிட்டே இருந்தது. ஆடு மாடு மேய்ச்சல் ஒரு பக்கம், கோடையில நெருப்பு ஒரு பக்கம், விறகு ஒரு பக்கம். 1980-கள்ல எடுத்த படங்களைப் பாருங்க, மலை மொட்டையா இருக்கும். அந்தப் பத்து வருஷத்தோட கடைசியிலதான் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி மாதிரி அமைப்புகள் மரம் நட ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறமும் பல பேர் தொடர்ந்தாங்க. இன்னிக்கு ஸ்கந்தாசிரமத்துக்கு நிழல்ல நடந்து போறோம்னா அது சும்மா வந்தது இல்லை.

நாம வெந்நீர்ல குளிச்ச சூடு, ஒரு காலத்துல அண்ணாமலையார் மேல இருந்த மரம். இதை நினைச்சா கொஞ்சம் உறைக்கும்.

அடுத்தது நடந்ததைத்தான் நான் இந்தக் கதையிலயே பெரிய திருப்பம்னு சொல்லுவேன். வீட்டுக்கு வீடு மோட்டார் வந்தது, மொட்டை மாடியில கறுப்பு சிண்டெக்ஸ் டேங்க் ஏறிச்சு. 28 டிகிரியில சமர்த்தா இருந்த தண்ணியை மேலே ஏத்தி ராத்திரி பூரா பனியில வெச்சோம். காலையில அது காத்து மாதிரியே 20 டிகிரிக்குக் கிட்டே வந்து நிக்கும். "அய்யோ குளிருது"ன்னு கீஸர் வாங்கினோம். கோடையில அதே டேங்க் தண்ணி கொதிக்கும். "அய்யோ சுடுது"ன்னு ராத்திரி குளிக்கப் பக்கெட்ல பிடிச்சு ஆற வைக்கிறோம். பூமி இலவசமா சரிபண்ணிக் கொடுத்ததை மாடிக்குக் கொண்டுபோய்க் கெடுத்துட்டு, அப்புறம் கரண்ட் பில் கட்டிச் சரி பண்றோம்!

அண்ணனுக்குக் கணக்கு

நூறு லிட்டர் தண்ணியை 27-லேர்ந்து 45 டிகிரிக்கு ஏத்த சுமார் 2.1 யூனிட் வேணும். சாதா கீஸர்ல அவ்வளவும் கரண்ட்தான், வீணாகிறது தனி. ஹீட் பம்ப்ல 0.6, 0.7 யூனிட் போதும். லாபம் நிஜம்தான்.

ஆனா ஹீட் பம்ப் வைக்கிறது ஒரு கேள்வி, அதுக்காக நிலத்தைத் துளைக்கிறது வேற கேள்வி. ஸூரிக்ல ஜனவரி மாசம் காத்து பூஜ்யத்துக்குக் கீழே போகும், மண்ணு பத்து டிகிரி. அந்தப் பத்துப் பதினஞ்சு டிகிரி வித்தியாசத்துக்காக நூறு, இருநூறு மீட்டர் தோண்டறது நியாயம். இங்கே மண்ணு 28, 29. மார்கழி மத்தியானக் காத்தும் அதே 28, 29! அப்போ எதுக்குத் தோண்டணும்? காத்துலேர்ந்தே சூடு எடுக்கிற ஹீட் பம்பை மத்தியானம் ஓடவிட்டு, நல்லா உறை போட்ட டேங்க்ல சேமிச்சு வெச்சா விடியக்காலை வரைக்கும் சூடு நிக்கும். ஆழத்துக்குப் பதிலா நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான். சாதாரண வீட்டுக்குச் சூரிய வெந்நீர் சாதனமே போதும். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்துல மட்டும் சில நாள் கைவிடும்.

"குளிர வைக்கவாவது உதவுமே?"ன்னு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. தில்லிக்குப் பக்கத்துல குவால் பஹாடியில 'டெரி' நிறுவனம் 2000 வாக்குல கட்டின வளாகத்துல, நாலு மீட்டர் ஆழத்துல சுரங்கக் குழாய் போட்டு அது வழியா காத்தை இழுத்து அறைகளுக்கு அனுப்பற ஏற்பாடு செஞ்சாங்க. வடக்கே கடுங்கோடையும் உண்டு, கடுங்குளிரும் உண்டு. சராசரி நடுவுல சுகமா நிக்கும். பூமி தர்றது எப்பவும் சராசரியைத்தான். நம்ம ஊர்ல அந்தச் சராசரியே புழுக்கத்தோட விளிம்புல இருக்கு. ஏசியோட சூட்டை 40 டிகிரி காத்துல தள்றதுக்குப் பதிலா 29 டிகிரி மண்ணுல தள்ளினா கரண்ட் குறையும்தான். ஆனா வருஷம் பூரா தள்ளிக்கிட்டே இருந்து, எடுக்கவே இல்லைன்னா மண்ணும் சூடேறிப் போயிடும். போட்டு எடுக்கிற கணக்கா இருந்தாத்தான் பூமி வங்கி நடக்கும். நிறைய வெந்நீரும் நிறைய ஏசியும் ஒண்ணா தேவைப்படற ஆஸ்பத்திரி, பெரிய விடுதி மாதிரி இடத்துக்கு யோசிக்கலாம். அங்கேயும், ஏசி வெளியே தள்ற சூட்டையே பிடிச்சுத் தண்ணி காய்ச்சிட்டா தோண்டவே வேணாம்.

கடைசியா, தண்ணி. கடினப்பாறை ஊர்ல நிலத்தடி நீர்ங்கறது மேல்பக்கத்து உளுத்த பாறையிலயும் கீழே இருக்கிற வெடிப்புகள்லயும் தங்கற கொஞ்சூண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிக்காத தெரு இங்கே இல்லை. ஒவ்வொரு துளையும் ஒரு வெடிப்பைத் தொடும். மேல்மட்டத்துத் தண்ணியைக் கீழே வடிய விடவும் செய்யும். "காஞ்சுபோன போர்தான் ஏராளமா இருக்கே, அதுல குழாயை இறக்கினா?"ன்னு கேட்கலாம். சுவீடன்ல துளைக்குள்ள தண்ணி நிறைஞ்சு நிக்கும், அந்தத் தண்ணிதான் பாறையோட சூட்டைக் குழாய்க்குக் கொண்டு வரும். காஞ்ச போர்ல நடுவுல காத்துதான். காத்து சூட்டைக் கடத்தாது. களிமண் கலவை வெச்சு முழுசா அடைச்சாத்தான் வேலை செய்யும், அந்தச் செலவு தனி.

நான் அண்ணன்கிட்ட சொன்னது இதுதான். போர் வேணாம். மேற்குச் சுவருக்கு வெயில் படாம நிழல் பண்ணுங்க, மாடியில வெள்ளைப் பூச்சு அடிங்க, மழைத்தண்ணியைக் கிணத்துக்கே திருப்புங்க. அந்த மனையில இருக்கிற பழைய கிணத்தைத் தயவுசெய்து மூடாதீங்க. காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போட்டு, டேங்குக்கு ஏத்தாம, கிணத்துத் தண்ணியை நேரா குளியலறைக்கு விட ஒரு தனிக் குழாய் போட்டுக்கோங்க. மார்கழியில வெதுவெதுன்னும் சித்திரையில ஜில்லுன்னும் வரும். கெல்வின் பிரபுவுக்கு ஃபீஸ் தர வேண்டாம் :-)

அவர் கிணத்தை எட்டிப் பார்த்துட்டு, "தண்ணி நிண்டா தானே தம்பி"ன்னார். ஆமா. எல்லாம் அங்கேதான் வந்து நிக்குது. சுவிஸ்காரன் மண்ணுல சூரியனைச் சேமிக்கிறான். நாம மண்ணுல சேமிக்க வேண்டியது மழையை. தண்ணி இருந்தா சூடும் குளிர்ச்சியும் தானா கூடவே வரும். மலையில மரம் இருந்தா தண்ணி நிக்கும். மரம் நிக்கணும்னா, ஒரு காலத்துல அடுப்புக்குப் போன விறகு இனிமேலும் போகாம இருக்கணும்.

உங்க வீட்டுல இன்னும் மூடாத கிணறு இருந்தா, இந்த மார்கழியில ஒரு வாளி இறைச்சு, பத்து ரூபாய் பெறாத சந்தேகத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. திருப்பிச் சித்திரையிலும் பாருங்க. கால்டிகாட் திருவனந்தபுரத்துல மூணு வருஷத்துக்கு மேல பொறுமையா செஞ்ச வேலையை, நீங்க ரெண்டே வாளியில செஞ்சு முடிச்சிடலாம்.